டிசம்பரில் வந்த மாங்காய்

காதுகுத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் சித்தப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு சீசன் முடிந்து, அடுத்த சீசனுக்கு மரங்கள் பூத்தும் ஆகிவிட்டது. அவருக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதை எழுதி இறக்கிவைக்கலாம் என்று உட்கார்ந்தால், முதலில் பவர் பிஐ என்கிற, கணக்கைப் படமாகப் போட்டுக் காட்டும் மென்பொருளைக் கற்றுக்கொண்ட கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் இது புரியாது.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம். டேலி தெரியும், எக்செல் நன்றாகவே தெரியும். பதினொரு வருடம் அதை வைத்தே ஓட்டியாகிவிட்டது. போன வருடம் எங்கள் மேனேஜர் ஓசூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே யாரோ திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பட்டையைத் தொட்டால் மற்ற படங்களெல்லாம் அதற்கேற்ப மாறுகின்றன. மறுநாள் காலையில் என் மேசைக்கே வந்து, "நமக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும்மா, சீசனுக்குள்ள" என்றார். சீசனுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

மென்பொருள் இலவசம் என்று அக்கா பையன் சொன்னான். அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான், பவர் பிஐதான் அவனுக்குச் சோறு போடுகிறது. அவன் சொன்னது பாதி உண்மை. கணினியில் போட்டு வேலை செய்ய டெஸ்க்டாப் பதிப்புக்குக் காசு இல்லை, விண்டோஸ் இருந்தால் போதும். செய்ததை இணையத்தில் ஏற்றி அடுத்தவருக்குக் காட்டவேண்டும் என்றால்தான் கதை மாறுகிறது. ஜிமெயில் முகவரியை ஏற்றுக்கொள்ளாது, அலுவலக மின்னஞ்சல் கேட்கும். பகிர வேண்டும் என்றால் ஆளுக்கு மாதம் 14 டாலர் சந்தா. எங்கள் கம்பெனியே ஜிமெயிலில் ஓடுகிற கம்பெனி. மேனேஜரிடம் சந்தாவைச் சொன்னேன். "பிடிஎஃப் எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுடு" என்றார். தொட்டால் மாறுகிற படம் வேண்டும் என்று தொடங்கிய விஷயம் அசையாத பிடிஎஃப்பில் வந்து நின்றது. சிரிப்பு வந்தாலும், அந்த பிடிஎஃப்தான் பின்னால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

சைக்கிள் கம்பெனியின் சுத்தமான கணக்கு

ராத்திரி ஒன்பதரைக்குமேல், பசங்க தூங்கின பிறகு, யூடியூபில் தமிழ் வீடியோக்கள் பார்த்துப் பழகினேன். பயிற்சிக்குத் தருகிற கணக்கு பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வரும். அட்வென்ச்சர் வொர்க்ஸ் என்று மைக்ரோசாஃப்ட் கற்பனையாக உருவாக்கிய சைக்கிள் கம்பெனி. அதில் எல்லாத் தேதியும் தேதியாகவே இருக்கும், ஒரு ஊருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் இருக்கும், எந்த வாடிக்கையாளரும் இரண்டு இனிஷியலோடு வரமாட்டார். பாடத்தைப் பார்த்துக்கொண்டே அழகாக நாலு படம் போட்டுவிடலாம். நானும் போட்டேன். இரண்டு வாரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, இவ்வளவுதானா என்று.

அப்புறம் எங்கள் எடைமேடையின் கணக்கைக் கொண்டுவந்து கொட்டினேன். எடைமேடை மென்பொருள் தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பு தரும். வண்டி எண், தேதி, விவசாயி அல்லது மண்டி பெயர், ஊர், ரகம், மொத்த எடை, வண்டி எடை, கழிவு, நிகர எடை, கிலோ விலை. முந்தைய சீசனின் கோப்புகளை எல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டு, பவர் பிஐக்குள் கணக்கை இழுத்துச் சுத்தம் செய்கிற பவர் குவெரிக்கு அந்த ஃபோல்டரைக் காட்டினால் அதுவே எல்லாவற்றையும் ஒட்டிக்கொள்கிறது. எக்செலில் நான் இதைக் கையால் ஒட்டிக்கொண்டிருந்த ராத்திரிகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே யார் வேண்டுமானாலும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

மாதவாரியாக மாங்காய் வரத்து. முதல் படம். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பட்டை, ஏறக்குறைய ஒரே உயரம். மாதங்கள் ஆங்கில அகரவரிசையில் நின்றன: ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். அதைச் சரிசெய்ய மாத எண் என்று இன்னொரு பத்தியை (காலம்) வைத்து, அதன்படி வரிசைப்படுத்து என்று சொல்ல வேண்டும். வரிசையைச் சரிசெய்த பெருமையில், பட்டைகள் என்ன சொல்கின்றன என்பதை நான் பார்க்கவே இல்லை. பதிமூன்றாவதாக, பெயரில்லாமல் ஒரு பெரிய பட்டை வேறு நின்றது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஃபில்டர் போட்டு அதை நானே மறைத்துவிட்டேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் மதியம் எடைமேடை அண்ணன் பில் கட்டோடு வந்தவர், என் திரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏம்மா, டிசம்பர்ல நமக்கு ஏது மாங்கா?" என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணகிரியில் பிறந்த யாருக்கும் தெரியும், பெங்களூரா ரகம் மே மாதம் இறங்கத் தொடங்கி ஜூலையோடு ஓயும், நீலம் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வரும். என் படமோ ஜனவரியில் ஐந்தாம் தேதி லாரி வந்தது, பிப்ரவரியில் ஐந்தாம் தேதி வந்தது, டிசம்பரிலும் வந்தது என்கிறது. எடைமேடைப் பையன் தேதியைத் தப்பாக அடித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். நமக்குக் கீழே இருப்பவர் மேல்தானே சந்தேகம் முதலில் போகும். அக்கா பையனுக்குப் படத்தை அனுப்பினேன். ஒவ்வொரு மாதத்திலும் எந்தெந்தத் தேதியில் வண்டி வந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னான். பார்த்தேன். எல்லா மாதத்திலும் 5, 6, 7 ஆகிய மூன்று தேதிகள்தான்.

"சித்தி, 5, 6, 7. மே, ஜூன், ஜூலை. இப்ப புரியுதா?" என்றான்.

எடைமேடை நம் ஊர் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறது. என் கணினியில் பவர் பிஐ அமெரிக்க வழக்கப்படி மாதம், நாள், வருடம் என்று படித்திருக்கிறது. மே 12 டிசம்பர் 5 ஆகிவிட்டது. மே 13 என்று வந்தால் பதிமூன்றாம் மாதம் கிடையாதே, அங்கே பிழை என்று நிற்கும், ஏற்றும்போது அது வெற்றிடமாகிவிடும். நான் மறைத்த அந்தப் பெயரில்லாத பட்டைதான் பாதிக்கும் மேற்பட்ட சீசன். சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பை இழுத்தவுடன் அதுவாகவே தகவல் வகையை மாற்றி ஒரு படியைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் படியை நீக்கிவிட்டு, தேதிப் பத்தியை இந்திய ஆங்கில வழக்கப்படி படி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். படம் ஜூனில் மலைபோல ஏறி ஜூலையில் சரிந்தது.

அன்றிலிருந்து அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டிசம்பர் லோடு வந்துச்சாம்மா?" என்பார்.

பர்கூர் எங்கே இருக்கிறது

தேதி முடிந்ததும் ஊர்ப்பெயர் வந்தது. காவேரிப்பட்டணம் என்ற ஒரே ஊரை எங்கள் கோப்பில் ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதியிருந்தார்கள். பர்கூரில் முதல் எழுத்துக்குப் பின்னால் சிலர் ஏ போட்டார்கள், சிலர் யு போட்டார்கள். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விட்டவர்களும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை. பவர் குவெரிக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அதைத் தாண்டி உள்ளே போய்விட்டால், டாக்ஸ் என்கிற சூத்திர மொழி ஓடுகிற இடத்தில், இரண்டும் ஒன்று. இங்கே இரண்டு பர்கூராக இருப்பது அங்கே ஒரே பர்கூராகிவிடும். ஒரே மென்பொருளுக்குள் இரண்டு சட்டம். இதற்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

வரைபடம் போடலாம் என்று ஆசைப்பட்டது இன்னொரு கூத்து. ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்தால் அதுவே இடத்தைத் தேடிக்கொள்ளும் என்றார்கள். தேடிக்கொண்டது. எங்கள் பர்கூர் வட்டத்தை ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் கொண்டுபோய் வைத்தது. அங்கே மாடுதான் பெயர் பெற்றது, மாங்காய் இல்லை. மாவட்டம், மாநிலம் எல்லாம் சேர்த்து எழுதின பிறகுதான் வீடு திரும்பியது.

பழக்கத்துக்காக அரசின் பருவ மற்றும் பயிர் அறிக்கையிலிருந்து பழைய எண்களை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்றும் இறங்கினேன். அங்கே வேறொன்று காத்திருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்றுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன்னால் நாங்கள் தர்மபுரி. அந்த வருடத்தைத் தாண்டி ஒரே கோடாக இழுத்தால், தர்மபுரியில் பாதித் தோப்பை யாரோ ஒரே ராத்திரியில் வெட்டிச் சாய்த்ததுபோல் கோடு விழும். கிருஷ்ணகிரி வரிசையோ எங்கிருந்தோ முளைத்ததுபோல் ஆரம்பிக்கும். எண் எதுவும் தப்பில்லை, எல்லைதான் மாறியிருக்கிறது. எங்கள் தலைமுறைக்குத் தர்மபுரிக்குப் பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீஸ் போன ஞாபகம் இருக்கிறது, அதனால் சட்டென்று பிடிபட்டது. என் மகனிடம் அந்தக் கோட்டைக் காட்டினால் அவன் வறட்சி என்று நினைத்திருப்பான்.

மெனுவில் இருந்த சராசரி

இப்போது சித்தப்பாவிடம் வருகிறேன். இனி வரும் விலைகள் நிஜ விலைகள் இல்லை, கம்பெனிக் கணக்கு என்பதால் மாற்றியிருக்கிறேன். விகிதம் மட்டும் ஏறக்குறைய அதேதான்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று எண்கள் வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இதுவரை வந்த எடை, கொடுத்த தொகை, கிலோவுக்குச் சராசரி விலை. எண் இருக்கிற பத்தியைப் பவர் பிஐ பார்த்தவுடன் கூட்டிவிடும், அதன் சுபாவம் அது. விலைப் பத்தியை இழுத்துப் போட்டதும் கிலோ விலை பல்லாயிரம் ரூபாய் என்று காட்டியது. எல்லா லோடின் விலையையும் கூட்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டே அம்புக்குறியை அழுத்தினேன். ஒரு சின்னப் பட்டியல் வந்தது. கூட்டல், சராசரி, குறைந்தது, அதிகம் என்று போகும். சராசரியைத் தொட்டேன். 17.80 என்று வந்தது. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பார்க்க நன்றாக இருந்தது. வாராவாரம் சனிக்கிழமை அந்த பிடிஎஃப் போனது. ஆறு வாரம்.

காதுகுத்து ஜூலை முதல் வாரம். சித்தப்பாவுக்குப் போச்சம்பள்ளி பக்கம் தோப்பு இருக்கிறது, எல்லாம் பெங்களூரா. எங்கள் கம்பெனிக்கும் அவர் காய் வரும், மண்டி வழியாக. பந்தியில் யாரோ விலை எப்படி என்று கேட்டதற்கு, "கிலோ பதிமூணுக்கு மேல கண்ணுல பாக்கல" என்று அலுத்துக்கொண்டார். கை கழுவும் இடத்தில் நான்தான் வாயை விட்டேன். "எங்க கம்பெனியில சராசரி பதினேழு எம்பது குடுத்திருக்கோமே சித்தப்பா."

அவர் கோபப்படவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "பதினேழு எம்பதுக்கு வித்தவன் ஒருத்தன் பேரு சொல்லு பாப்போம்."

எனக்குப் பெயர் தெரியவில்லை. அது கம்பெனிக் கணக்கு, வெளியே சொல்லக்கூடாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதே எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். நடுவில் மண்டி இருக்கிறது, கமிஷன் போகும், பறிப்புக் கூலி, வண்டி வாடகை. நாங்கள் கொடுக்கிறது ஒன்று, அவர் கையில் சேர்வது வேறொன்று. இந்த விளக்கம் பொய் இல்லை. கொஞ்சம் வித்தியாசத்துக்கு அதுவும் காரணம்தான். அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினேன்.

திங்கட்கிழமை சும்மா, அவர் கேட்ட பெயரைத் தேடிப் பார்க்கலாம் என்று பட்டியலைத் திறந்தேன். விலைப்படி வரிசைப்படுத்தினேன். மேலே இருந்தவை எல்லாம் மே முதல் பத்து நாள். டெம்போவிலும் சின்ன யானை வண்டியிலும் வந்த குட்டி லோடுகள். காய் இன்னும் வரவில்லை, கம்பெனி ஓட ஆரம்பித்துவிட்டது, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியிருக்கிறோம். கீழே இருந்தவை ஜூன் பாதியிலிருந்து வந்த லாரிகள். கேட்டுக்கு வெளியே வரிசை நிற்கிற நாட்கள், பன்னிரண்டு, பதிமூன்று. மெனுவில் நான் தொட்ட சராசரிக்கு டெம்போவும் ஒரு வரி, லாரியும் ஒரு வரி. ஒரு டன் 24 ரூபாய்க்கும் ஒன்பது டன் 12 ரூபாய்க்கும் வாங்கினால், இரண்டு விலையையும் கூட்டிப் பாதியாக்கி 18 என்று சொல்கிறது அது. நிஜத்தில் கொடுத்த பணத்தை நிஜத்தில் வாங்கின கிலோவால் வகுத்தால் 13 ரூபாய் 20 காசு.

எட்டாம் வகுப்புக் கணக்கு. அதுதான் என்னை ரொம்ப உறுத்தியது. பதினொரு வருடத்தில் எக்செலில் ஒரு தடவைகூட நான் இந்தத் தப்பைச் செய்ததில்லை. அங்கே தொகை கண் முன்னால் இருக்கும், எடை கண் முன்னால் இருக்கும், இதை அதால் வகுப்பது கைப்பழக்கம். இங்கே நான் வகுக்கவே இல்லை. ஒரு பட்டியல் வந்தது, அதில் சராசரி என்ற சொல் இருந்தது, எனக்கு வேண்டியதும் சராசரி விலை. மென்பொருள் பொய் சொல்லவில்லை, லோடுகளின் சராசரியைக் கேட்டேன், லோடுகளின் சராசரியைத் தந்தது.

தீர்வு ஒரே வரி. மெஷர் என்று ஒன்று எழுத வேண்டும். மொத்தத் தொகையை மொத்த எடையால் வகு, அவ்வளவுதான். டாக்ஸில் அதற்கு டிவைட் என்றே ஒன்று உண்டு, எடை பூச்சியமாக இருந்தாலும் பிழை காட்டாமல் வெற்றிடமாக விட்டுவிடும். பத்தி வேறு, மெஷர் வேறு என்று வீடியோவில் நூறு தடவை கேட்டிருக்கிறேன், அன்றுதான் ஏறியது. பத்தியில் போட்ட கணக்கு ஒவ்வொரு வரிக்கும், ஏற்றும்போதே முடிந்துவிடும். மெஷர் அந்த நேரத்தில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ அதற்கு மட்டும் புதிதாகக் கணக்குப் போடும். பர்கூரைத் தொட்டால் பர்கூரின் பணத்தைப் பர்கூரின் கிலோவால் வகுக்கும், ஜூனைத் தொட்டால் ஜூனுக்கு. புது எண் 13.40. நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து. ஆறு வாரமும் இந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய எண்.

டிசம்பர் மாங்காயை ஒரு நாளில் பிடித்துவிட்டோம். பிடித்தது கணினி இல்லை, எடைமேடை அண்ணன், மாங்காய் எப்போது வரும் என்று தெரிந்தவர். 17.80 ஆறு வாரம் உட்கார்ந்திருந்தது, யாரும் சிரிக்கவில்லை. அது இருக்கக்கூடிய எண்ணாக இருந்தது. அதோடு, எங்கள் அறையில் இருந்த எல்லோருக்கும் பிடித்த எண்ணாகவும் இருந்தது. விவசாயிக்கு நல்ல விலைதான் கொடுக்கிறோம் என்கிற எண்ணைச் சரிபார்க்க யார் உட்காருவார்கள்? 10 ரூபாய் என்று வந்திருந்தால் அன்று சாயங்காலமே நான் பட்டியலைத் திறந்து பார்த்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேனேஜரிடம் மாற்றிய பக்கத்தைக் காட்டினேன். "எதுக்கும்மா மாத்துன? முன்ன இருந்ததே நல்லாத்தான இருந்துச்சு" என்றார். விளக்கினேன். வியாபாரக் குடும்பத்து மனிதர், பத்து விநாடியில் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "சரி, ரெண்டும் இருக்கட்டும்" என்றார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்கு அவசரத்துக்கு லீவு தந்த ஒரே மேனேஜர் அவர்தான். ஆனாலும் "ரெண்டும் இருக்கட்டும்" என்பதை நான் இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறேன். எதை முதல் பக்கத்தில் போடுவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 13.40 முதல் பக்கத்தில் இருக்கிறது. பழையதை மூன்றாம் பக்கத்தில் "லோடு வாரியாக" என்று தலைப்புப் போட்டு வைத்தேன். இதுவரை யாரும் மூன்றாம் பக்கம் போனதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆறு பிடிஎஃப்களைத் திரும்பக் கூப்பிட முடியாது. வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். இணையத்தில் ஏற்றியிருந்தால் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தியிருக்கும். மாதம் 14 டாலரை மிச்சம் பிடித்த நாளை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தை கடைசியில் சித்தப்பா தோப்புக்குப் போயிருந்தேன். மரமெல்லாம் பூ எடுத்திருந்தது, வாசம் ரோடு வரைக்கும் அடித்தது. அவர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். மருந்து விலை, கூலி, போன வருடக் கடன் என்று பேசிக்கொண்டே வந்தவர், "உன் கம்ப்யூட்டர்ல இந்த வருசம் என்ன வெலன்னு வந்துருச்சா?" என்று கேட்டார்.

"அது முன்னாடி சொல்லாது சித்தப்பா. நடந்ததத்தான் சொல்லும்."

"நடந்ததயாவது சரியா சொல்லுதா?"

"இப்ப சொல்லுது" என்றேன்.

அந்த "இப்ப" அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. ஸ்பிரேயர் குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.